நியூமன் யூ 47

ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட கண்டென்சர் மைக். சாய்சதுர டெலிஃபங்கன் சின்னம் இருந்தாலும் தயாரிப்பு நியூமனுடையதே. டெலிஃபங்கன் விற்பனையாளர் மட்டுமே. உள்ளே விஎஃப்14 வால்வு இருக்கிறதா என்பதே அசல் மைக்கின் முதல் அடையாளம். அந்த வால்வின் 55 வோல்ட் இழைக்கு இங்கே ஏறக்குறைய 35 வோல்ட்தான் தரப்படுகிறது. இரைச்சலை அடக்கிய அழகான உத்தி இது. தனி மின்வழங்கி அனுப்பும் 105 வோல்ட் ஒன்றே இழைக்கும் ஆனோடுக்கும் பகிரப்படுகிறது. 1960-களில் வந்த 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் இந்த மைக்கை இயக்காது. விஎஃப்14 கிடைப்பது அரிது. அதனால் பல மைக்குகளில் அதற்குப் பதிலாக நுவிஸ்டர் என்ற சிறிய வால்வு பொருத்தப்பட்டு மின்சுற்றும் மாற்றப்பட்டிருக்கும். ஆகவே வால்வைப் பார்த்து, மின்வழங்கியை அளந்த பிறகே இணைக்க வேண்டும்.