ஆண்டில் சில நாட்களே வெளியே வரும் ஊதா தவளை... மண்ணுக்குள் வாழ்ந்தும் ஆபத்து ஏன்?

மழை பெய்தால் தவளைச் சத்தம் காதைத் துளைக்கும். மழை விட்டதும் அடங்கிவிடும். மற்ற நாட்களில் அந்தத் தவளைகள் எல்லாம் எங்கே போகின்றன? மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதா தவளையைப் பொறுத்தவரை பதில் சுலபம்: மண்ணுக்குள். ஆண்டில் சில நாட்கள் தவிர மற்ற நேரம் முழுக்க அது அங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் 2003 வரை இப்படி ஒரு இனம் இருப்பதே அறிவியல் உலகத்துக்குத் தெரியவில்லை. கேரளாவின் இடுக்கி பகுதியில் கிடைத்த தவளையை வைத்து, எஸ்.டி.பிஜு, ஃபிராங்கி பொசுய்ட் ஆகிய ஆய்வாளர்கள் அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதன் தலைப்பிரட்டை பற்றிய விவரம் 1917-லேயே பதிவாகி இருந்தது. பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தாய் யாரென்று தெரிய 86 ஆண்டுகள் ஆகியிருக்கிறது!

பார்க்க எப்படி இருக்கும்?

காற்று இறங்கிய பலூன் மாதிரி உப்பிய ஊதா நிற உடம்பு, குட்டிக் கண்கள், கூம்பிய வெளிறிய மூக்கு. பன்றிமூக்குத் தவளை என்ற பெயரும் உண்டு. கேரளாவில் பாதாளத் தவளை, மாவேலித் தவளை என்கிறார்கள். ஓணத்துக்குப் பாதாளத்தில் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாபலி மன்னனை நினைத்து வைத்த பெயர். இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது.

பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற கடினமான புடைப்பு இருக்கும். அதை வைத்து மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். சாப்பாட்டுக்கும் வெளியே வர வேண்டியதில்லை. மண்ணுக்குள் கிடைக்கும் கரையான்தான் முக்கிய உணவு.

உறவுக்காரர்கள் எங்கே?

இதன் பேரினத்தைத் தாண்டினால், இந்தியாவில் இல்லை. கடல் தாண்டி, சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகள்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் பரிணாமத்தில் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சாட்சி இது. டைனோசர்கள் அழிந்தபோதும் இந்தத் தவளைகளின் வம்சம் தப்பித்துவிட்டது.

அப்படியென்றால் இப்போது என்ன பிரச்னை?

பிரச்னை மண்ணுக்குள் இல்லை. வெளியே வரும் அந்தச் சில நாட்களில்தான். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மழை விழுந்ததும், ஆண் தவளைகள் ஓடைக் கரையில் மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மணலில் புதைந்து கிடக்கும் தவளைக்குத் தமிழில் 'நுணல்' என்றே ஒரு பழைய சொல் இருக்கிறது. ஆனால் இந்தத் தவளை வாய் திறக்காவிட்டால் அதன் வம்சமே கெட்டுவிடும். பெண் தவளை தன்னைவிட மிகச் சிறிய ஆணை முதுகில் சுமந்துகொண்டு ஓடைக்குப் போய், பாறைக் குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிறகு இரண்டும் மண்ணுக்குள் திரும்பிவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. தலைப்பிரட்டைகளின் வாய், உறிஞ்சிப் பிடிக்கும் கப் போன்றது. பாய்ந்தோடும் தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு, அதில் படிந்த பாசியைத் தின்று, ஏறக்குறைய 100 நாட்கள் அவை தாக்குப்பிடிக்க வேண்டும். அதுவரை ஓடை ஓட வேண்டும்.

ஓடையின் குறுக்கே ஒரு சின்ன தடுப்பணை வந்தால் போதும். மேலே தண்ணீர் தேங்கிப் பாறைகள் மூழ்கும், கீழே ஓடை வற்றும். இரண்டுமே ஓடும் தண்ணீருக்காக உருவான அந்த வாய்க்கு ஒத்துவராது. மனிதருக்கு நல்லது செய்யும் தடுப்பணையே இங்கே வில்லனாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். மழை இடையில் நின்றுபோனாலும், ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தாலும் இதே கதைதான்.

அடுத்து சாலை. மழை இரவில் ஓடையைத் தேடிப் போகும் தவளைகள் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. காடு ஏலம், காபி தோட்டங்களாக மாறியதும் வாழிடத்தைச் சுருக்கிவிட்டது. கேரளாவில் சில பகுதிகளில் தலைப்பிரட்டைகளைப் பாறையில் இருந்து எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக மழைக்காலத்தில் கிடைத்த உணவு அது. ஆனால் ஒரே ஓடையில் நிறைய எடுத்தால், அந்த ஆண்டின் குட்டிகள் மொத்தமும் போய்விடும்.

தமிழ்நாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது. 2017-ல் விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் இருந்து இதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டாவது இனம் அறிவிக்கப்பட்டது. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் எஸ்.பூபதியின் நினைவாக அதற்கு 'பூபதி' என்றே பெயர். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் வாழும் இந்தத் தவளையோ வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. ஒரே மலை, ஆனால் காத்திருக்கும் மழை வேறு.

உலக அளவில் 8,000-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான மதிப்பீடு, அவற்றில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது. முதுகெலும்பு உள்ள உயிரினங்களிலேயே அதிக ஆபத்தில் இருப்பது இந்தக் கூட்டம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் காடு 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அதன் காலடி மண்ணுக்குள் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் பூபதித் தவளைக்கும் சேர்த்துத்தான்.