பஞ்சுக் கவசம்

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜா, அவன் குதிரை, 1714-ல் ஆற்காட்டு நவாபோடு நடந்த சண்டை என்று நம் பேச்சு ஓடிவிடும். அங்கே சண்டை போட்ட சாதாரணச் சிப்பாய் உடம்பில் என்ன போட்டிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

இரும்பு வளையச் சட்டையெல்லாம் வசதிப்பட்டவர்களுக்கு. அந்தக் காலத்து மராட்டியக் குதிரைவீரர்களில் பலருக்குக் கவசம் என்பது உள்ளே பஞ்சு வைத்து நெருக்கமாகத் தைத்த பருத்தி அங்கிதான். வாள்வீச்சின் வேகத்தை அது குறைக்கும். நம்ம ஊர் வெயிலில் இரும்பைச் சுமப்பதைவிட அது தேவலை. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் அது நிற்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எதிரில் வருவது எது என்று தெரிந்தால்தான் எதைப் போடுவது என்று முடிவு பண்ண முடியும்.

1677-ல் பீஜப்பூரிடமிருந்து சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழ 1698 ஆகிவிட்டது. அந்த மராட்டியக் குதிரைப்படையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. பார்கிர் என்பவனுக்குக் குதிரையும் ஆயுதமும் அரசு கொடுக்கும். சிலேதார் தன் குதிரையையும் ஆயுதத்தையும் தானே கொண்டுவர வேண்டும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எல்லா ஊர்களையும் போல அந்த மலைகளுக்குக் கீழேயும் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. மின்பொறியால் இரும்பை ஒட்டும் முறைக்கு பெனார்டோசும் ஓல்ஷெவ்ஸ்கியும் காப்புரிமை வாங்கியது 1880-களில். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத எதிரி இருக்கிறான் என்பது போகப்போகத்தான் புரிந்தது. கண்ணாடி உலைத் தொழிலாளர்களின் கண்புரையை ஆராய்ந்த வில்லியம் குரூக்ஸ், புறஊதாவையும் வெப்பக் கதிரையும் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றி 1914-ல் எழுதினார். வெல்டிங்கிலிருந்து வரும் புறஊதாக் கதிர் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது 2017-ல்.

வெல்டருக்கு எதிரி ஒருத்தன் இல்லை, நாலு பேர்: கதிர், தெறிக்கும் உருகிய பொறி, சூடு, கரண்ட். கதிர் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. சாதாரண ராடு வேலைக்குப் பத்தாம் எண் அளவுக்கு இருண்ட கண்ணாடி வேண்டும், அதுவும் முகம் முழுக்க மூடுகிற மாதிரி. பொறி பட்டால் பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. ஆக, கெட்டியான முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்துவரை பட்டன். பேண்ட் நுனியை மடிக்கக் கூடாது, மடிப்பில் பொறி தங்கும். எண்ணெய்க்கறை துணியில் இருக்கக் கூடாது. மேலே தோல் ஏப்ரன், கையில் தோல் கிளவுஸ். வியர்வையில் நனைந்த கிளவுஸ் கரண்டைத் தடுக்காது, அதனால் மாற்று ஜோடி ஒன்று வேண்டும்.

முந்நூறு வருஷம் கழித்தும் அதே பருத்திதான். யார் காசில் என்பதுதான் கேள்வி.

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-வது பிரிவு கண் பாதுகாப்பைப் பேசியது. தெறிக்கும் துகளையும் அதிக வெளிச்சத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை ஆக, பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு அதை இருபதாக்கியது. முதலாளியும் இரண்டு பையன்களும் இருக்கிற பட்டறை இந்தக் கணக்குக்குள் வரவே வராது. பெரிய ஆலை வெல்டர் பார்கிர். தெருவோரப் பட்டறைப் பையன் சிலேதார். லுங்கியும் பழைய சட்டையும் அவன் அலட்சியம் என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். கூலியை அடிமட்டத்துக்குப் பேரம் பேசுவதும் நாம்தானே?

கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். அடுத்த முறை கேட் செய்ய விலை கேட்கும்போது, இரும்பு, ராடு, பெயின்ட், கூலி என்று வரும் பட்டியலில் கிளவுசும் ஏப்ரனும் ஒரு வரியாக இருக்கட்டும் என்று நாமே சொல்லலாம்.