கிரெடிட் கார்டு: வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் எம்மை ஓரமாக அழைத்து, மொபைலில் இருந்த கிரெடிட் கார்டு பில்லைக் காட்டினார். மகளின் நிகாஹ் செலவுக்காக 40,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்திருந்தார். மாதம் தவறாமல் 2,000 ரூபாய் கட்டியும் கடன் குறையவில்லையே என்பது அவரது வருத்தம். பில்லைப் பார்த்தோம். அவர் கட்டி வந்தது 'மினிமம் டியூ' எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே. மாத வட்டி 3.5 விழுக்காடு. அதாவது 1,400 ரூபாய் வட்டி, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 252 ரூபாய். முதல் மாதம் கட்டிய 2,000 ரூபாயில் அசலில் கழிந்தது 348 ரூபாய்தான்.

"வட்டிக் கடைப் பக்கம்கூடப் போனதில்லை ஹஜ்ரத். இது வட்டி என்றே எனக்குத் தெரியாது" என்றார்.

அவரைப் போன்றவர்கள் நம் மஹல்லாக்களில் பலர் இருக்கிறார்கள். செலவு குறைந்த, பலன் அதிகமுள்ள கார்டு எது என்று கேட்டு வரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

மார்க்கத்தின் நிலை என்ன?

கிரெடிட் கார்டு என்பது கடன் ஒப்பந்தம். கெடு தவறினால் வட்டி தருகிறேன் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ரியாத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தனது 108-ஆம் தீர்மானத்தில், இத்தகைய நிபந்தனை உள்ள கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்று கூறியது. தேவையும் இருந்து, வட்டி விழாமல் முழுத் தொகையையும் கட்டிவிடும் உறுதியும் இருந்தால் பயன்படுத்தலாம் என்று கூறும் முஃப்திகளும் இருக்கின்றனர்.

இரு சாராரும் ஒன்றுபடும் இடம், வட்டி கட்டும் நிலைக்குப் போவது கூடாது என்பதே. எனவே டெபிட் கார்டும் யுபிஐயும் போதுமென்றால் அதுவே பேணுதலானது. கிரெடிட் கார்டு தேவை என்று கருதுவோர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு, கீழே உள்ளவற்றைக் கவனிக்கட்டும்.

வட்டி எங்கே நுழைகிறது?

பொருள் வாங்கிய நாளிலிருந்து கெடு தேதி வரை 45 முதல் 50 நாட்கள் வரை வட்டியில்லை என்பார்கள். முழுத் தொகையையும் கட்டுவோருக்கு மட்டுமே அது பொருந்தும். கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும்.

ஓர் உதாரணம். ஜூன் 5-ஆம் தேதி 30,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள். ஜூன் 20 பில் தேதி, ஜூலை 10 கெடு. அன்று 28,000 ரூபாய் கட்டி 2,000 ரூபாய் மட்டும் பாக்கி வைக்கிறீர்கள். வட்டி 2,000 ரூபாய்க்குத்தானே என்று நினைப்போம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து 35 நாட்களுக்கு முழு 30,000 ரூபாய்க்கும் வட்டி போடுவதே வழக்கம். ஆண்டுக்கு 42 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 1,200 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 1,400 ரூபாய்க்கு மேல். அந்தப் பாக்கியை அடைக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும்.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு உண்டா? ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி விகிதத்தை அவரவர் ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கு வட்டியில்லா நாட்களே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனியாகக் கட்டணமும் உண்டு.

புள்ளிகளின் உண்மை மதிப்பு

'100 ரூபாய்க்கு 2 புள்ளி' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் 2 விழுக்காடு கிடைப்பதாகத் தோன்றும். ஒரு புள்ளியின் மதிப்பு 25 பைசா என்றால் கிடைப்பது அரை விழுக்காடுதான். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியுடன் 590 ரூபாய். அரை விழுக்காட்டுப் பலனில் அந்த 590 ரூபாயை மீட்க ஆண்டுக்கு 1,18,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய்கூட கார்டில் செலவழிக்காத குடும்பத்துக்கு அது நஷ்டமே.

ஆகவே கார்டுகளை ஒப்பிடும்போது இவற்றைக் கேளுங்கள்:

ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதல் ஆண்டுக்கு மட்டும் இலவசமா, எப்போதுமே இலவசமா?

ஒரு புள்ளிக்கு எத்தனை காசு? அது பில்லில் கழியுமா, அவர்கள் காட்டும் பொருளைத்தான் வாங்க வேண்டுமா? புள்ளியை மாற்றக் கட்டணம் உண்டா? எப்போது காலாவதியாகும்?

எந்தச் செலவுக்குப் புள்ளி கிடையாது? பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல் ஆகியவற்றைப் பல கார்டுகள் ஒதுக்கிவிடுகின்றன. வாடகைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதும் உண்டு.

நம் குடும்பம் எதில் அதிகம் செலவழிக்கிறது? மளிகைக்கும் மருந்துக்கும் செலவழிக்கும் வீட்டுக்கு விமான நிலைய ஓய்வறைச் சலுகையால் என்ன பயன்?

நடுத்தரக் குடும்பத்துக்கு, எப்போதும் கட்டணமில்லாமல், புள்ளிக்குப் பதில் பில்லில் நேரடியாகப் பணம் கழியும் எளிய கார்டே பெரும்பாலும் போதுமானது.

சலுகை போலத் தோன்றுபவை

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் கடைக்காரர் தரும் தள்ளுபடியால் வட்டி ஈடுகட்டப்படுகிறதே தவிர, வங்கியின் ஏட்டில் அது வட்டிக் கடனாகவே பதிவாகிறது. அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும், பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சம்பளச் சான்று இல்லாதவர்களுக்கு வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துக் கார்டு தருகிறார்கள். கிடைப்பது எளிது. ஆனால் அந்த நிரந்தர வைப்புக்கு வங்கி வட்டி தருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

உம்ரா, ஹஜ் பயணிகளுக்கு

இந்தியக் கிரெடிட் கார்டை சவூதியில் பயன்படுத்தினால் பல கார்டுகளில் 3.5 விழுக்காடு மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும். 1,00,000 ரூபாய்க்குச் செலவழித்தால் 4,130 ரூபாய் கூடுதல். எந்தப் புள்ளியும் இதை ஈடுகட்டாது. கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரியாலா, ரூபாயா என்று இயந்திரம் கேட்டால் ரியாலையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் அங்கேயே ஒரு மோசமான மாற்று விகிதம் போடப்படும். பயணத்துக்கு முன்பே ரியாலாகப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அதன் கட்டணங்களை மட்டும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கார்டு கைக்கு வந்த பின்

முதல் வேலையாக ஆட்டோ டெபிட் வசதியை இயக்குங்கள். அதில் 'மினிமம்', 'டோட்டல்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். 'டோட்டல்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பல வீடுகளில் வட்டி நுழைவது இந்த ஓர் இடத்தில்தான். சம்பளம் வந்த சில நாட்களில் கெடு வருமாறு பில் தேதியை மாற்றித் தரவும் கேட்கலாம். வங்கி ஒரு முறையாவது அதற்கு வாய்ப்புத் தர வேண்டும். வங்கி தரும் கடன் வரம்பு பெரிதாக இருந்தால், நம் சேமிப்பில் உள்ள தொகைக்குள் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைகள் நமக்குச் சில உரிமைகளையும் தந்துள்ளன. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. கெடு முடிந்து 3 நாட்களுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். பாக்கியை அடைத்துவிட்டுக் கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி நமக்குத் தர வேண்டும். புகாருக்கு 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

அந்தச் சகோதரர் என்ன செய்தார்? மைத்துனரிடம் கைமாற்றாக வட்டியில்லாக் கடன் வாங்கி, பாக்கி முழுவதையும் ஒரே தவணையில் அடைத்தார். கார்டை மூடக் கோரிய கடிதத்தை எழுத நாமும் உதவினோம். மைத்துனருக்குத் தர வேண்டிய தொகையை இருவரும் சாட்சிகளுடன் எழுதி வைத்துக்கொண்டனர். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது அந்தப் பாடத்துக்கு நேர் எதிரானது.

முழுத் தொகையையும் மாதந்தோறும் கட்ட முடியும் என்ற உறுதி இல்லாதவருக்கு மிகச் சிறந்த கிரெடிட் கார்டு, வாங்காமல் விட்ட கார்டே. வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைக் கடன் சுமையிலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.