கடற்பணி விருதுகளும் குமரிக் கடலோடிகளும்

கடற்படை, கடலோரக் காவல்படை, வணிகக் கப்பல், மீன்பிடிப் படகு ஆகியவற்றில் பணிபுரிவோரின் தலைமைக்கும் துணிவுக்கும் நெடுங்காலத் தொண்டுக்கும் அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் அளிக்கும் பதக்கம், பட்டம், பாராட்டுரை ஆகியவை கடற்பணி விருதுகள் எனப்படும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கி.மீ. நீளும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நின்று இந்த விருதுகளைப் பார்த்தால் அவற்றின் இயல்பு ஒன்று துலங்கும். விருது பெறத் துணிவு மட்டும் போதாது. அதைக் கண்டவர் சொல்ல வேண்டும், சொன்னதை ஓர் அதிகாரி எழுத வேண்டும், எழுதியது உரிய மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். சீருடை அணிந்தவருக்கு இந்தப் பாதை முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் படகைச் செலுத்திச் செல்லும் ஸ்ராங்குக்கு அது இல்லை. குமரி மாவட்டக் கடலோடிகளின் பெயர்கள் விருதுப் பட்டியல்களில் அரிதாக இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமாகாது. ஆவணக் குறைவே காரணம் என்பதைக் கிடைக்கும் சான்றுகள் காட்டுகின்றன.

இந்தியக் கடற்படையின் விருது முறை நன்கு வகுக்கப்பட்டது. போர்முனைத் துணிவுக்குப் பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் உள்ளன. போர்முனைக்கு வெளியே காட்டும் துணிவுக்கு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌர்ய சக்கரம் வழங்கப்படுகின்றன. தலைமைக்கும் சிறப்பான பணிக்கும் பரம் விசிஷ்ட சேவா பதக்கம் முதலான மூன்று படிகள் இருக்கின்றன. கடற்படைக்கே உரிய நௌ சேனா பதக்கம் 1960-லும், கடலோரக் காவல்படைக்கான தட்ரட்சக் பதக்கம் 1990-லும் ஏற்படுத்தப்பட்டன. இதுவரை வழங்கப்பட்ட 21 பரம்வீர் சக்கரங்களில் ஒன்றுகூடக் கடற்படைக்குக் கிடைக்கவில்லை. 1971 டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். மற்றவர்களைத் தப்பவைத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கிய கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவருடைய கடைசி நிமிடங்களை உலகம் அறிந்தது, உயிர் பிழைத்த மாலுமிகள் சொன்னதால்தான். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்யக் கடற்படை என்ற அமைப்பு கரையில் காத்திருந்தது. முல்லாவின் பெருமையை இது எள்ளளவும் குறைப்பதில்லை. பெருந்தன்மை மிக்க சாவுக்கும் சாட்சியும் எழுத்தும் தேவைப்படுகின்றன என்பதையே இது காட்டுகிறது.

குமரி மாவட்டத்துக்கு இது புதிய செய்தியன்று. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்டவர்மாவின் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றது. அந்த வெற்றிக்கான மரியாதைகள் எப்படிப் பங்கிடப்பட்டன என்று பார்க்க வேண்டும். சிறைப்பட்ட டச்சு அதிகாரி தெலனாய் பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து 'வலிய கப்பித்தான்' என்ற பட்டம் பெற்றார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீன், தமிழ் எழுத்துகளோடு இன்றும் இருக்கிறது. குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. திருவிதாங்கூர்ப் படையின் மரபில் வந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் குளச்சல் நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. ஆக, மன்னருக்குத் தூண், தளபதிக்குப் பட்டமும் கல்லறையும், படைக்கு ஒரு விழா நாள். கரையிலிருந்த முக்குவ மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்து வரிசையில் நின்று டச்சுக்காரரை மிரள வைத்தார்கள் என்ற செய்தி மட்டும் வாய்மொழியாகவே வழங்கி வருகிறது. அந்தக் கதை முழுதும் உண்மையா என்று ஆய்வாளர் வாதிடலாம். ஆனால் ஒரே நிகழ்ச்சியில் ஒருவரின் பங்கு கல்லில் ஏறியதும், இன்னொருவரின் பங்கு பாட்டி கதையாக நின்றதும் உண்மை.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டந்துறை முதலிய மேற்குக் கரை ஊர்களின் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். வாரக்கணக்கில் கரை காணாமல் இருப்பார்கள். நீவாடு எனப்படும் கடல் நீரோட்டத்தின் போக்கையும் காற்றின் திசையையும் விண்மீன்களையும் கணித்து, பின்னாளில் ஜி.பி.எஸ். கருவியையும் சேர்த்துக்கொண்டு, இந்தியாவின் மிகத் தேர்ந்த ஆழ்கடல் மீன்பிடிச் சமூகமாக வளர்ந்தவர்கள். கடலில் காட்டும் துணிவைப் பாராட்ட நம் நாட்டில் டென்சிங் நோர்கே தேசிய சாகச விருது இருக்கிறது. நிலம், நீர், வான், வாழ்நாள் சாதனை என்பவை அதன் பிரிவுகள். 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்து அந்த விருதைப் பெற்றார்கள். அது அவர்களுக்கு முற்றிலும் தகும். ஆனால் பிழைப்புக்காக மாதந்தோறும் அதேபோன்ற கடலில் போய் வருபவரின் பயணம் சாகசம் என்ற கணக்கில் சேர்வதில்லை. மீன் பிடிக்கப் போனால் தொழில், மீன் பிடிக்காமல் போனால் சாதனை என்ற பிரிவினைக்கு நியாயம் சொல்வது கடினம்.

2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் வீசிய ஒக்கிப் புயல் இந்தக் குறையை வெட்டவெளிச்சமாக்கியது. எச்சரிக்கை வருமுன்பே கடலுக்குப் போயிருந்த குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் பெருங்காற்றில் சிக்கினர். கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பித் தேடின. சில கப்பல்களில் மீனவர்களையே வழிகாட்டிகளாக ஏற்றிச் சென்றனர். தேடல் போதவில்லை என்று கருதிய ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளிலேயே கிளம்பினார்கள். உறவினரை மீட்டுத்தரக் கோரி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தனர். அந்த நாட்களில் கடலில் நடந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இரவு பகலாக மிதந்தவர்கள், சோர்ந்தவரைக் கயிற்றால் தன்னோடு கட்டிக்கொண்டவர்கள், எரிபொருள் தீரும் நிலையில் படகைக் காற்றுக்கு முகமாகத் திருப்பி நிறுத்திய ஸ்ராங்குகள் எனத் தலைமைப் பண்புக்குரிய எல்லாச் செயல்களும் அங்கே நடந்தன. ஒரு போர்க்கப்பலில் இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் அந்த வாரமே பரிந்துரை தயாராகியிருக்கும். மீனவர்களைப் பொறுத்தவரை அரசு ஆவணங்களில் எஞ்சியவை இறந்தவர், காணாமற்போனவர், நிவாரணத் தொகை என்ற மூன்று பத்திகளே.

அதே சமூகம் அடுத்த ஆண்டே வேறு மாதிரி நடத்தப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலப்புழை, பத்தனம்திட்டை பகுதிகளுக்குப் போனார்கள். அவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாகக் கேரள அரசு கணக்கிட்டது. முதலமைச்சர் அவர்களைக் கேரளத்தின் படை என்று அழைத்தார். அம்மாத இறுதிக்குள் திருவனந்தபுரத்தில் பாராட்டு விழா நடந்தது. கடலோரக் காவல் நிலையங்களில் 200 பேருக்கு வேலை தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பூந்துறை, விழிஞ்ஞம் மீனவருக்கும் நீரோடி மீனவருக்கும் இடையே மாநில எல்லை ஒன்றுதான் வேறுபாடு. 1956 நவம்பர் 1 வரை அதுவும் இல்லை. ஒக்கியில் செய்ததைவிட வெள்ளத்தில் செய்தது பெரிதா என்று கேட்டால், ஒப்பிடத் தேவையில்லை என்றே சொல்ல வேண்டும். வெள்ளம் கரையில் நடந்தது, மீட்கப்பட்டவர்கள் பேசினார்கள், கேமராக்கள் பார்த்தன. ஒக்கி நடந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. மரியாதையில் விழுந்த இடைவெளி இதிலிருந்து வந்ததே.

மீனவர் மீனவரைக் காப்பது கடலோர வழக்கம், வழக்கத்துக்கு எதற்கு விருது என்று ஒரு மறுப்பு எழலாம். அதை வணிகக் கப்பல்களோடு வைத்துப் பார்ப்போம். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ விரைவது ஒவ்வொரு கப்பல் தலைவருக்கும் கடல்பயண உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை விதித்த கட்டாயக் கடமை. ஆயினும் 2015 ஜூனில் சம்பூர்ண சுவராஜ்ய என்ற எண்ணெய்க் கப்பலின் தலைவர் ராதிகா மேனன், ஒடிசா கரைக்கு அப்பால் கொந்தளிப்பில் தத்தளித்த துர்காம்மா படகிலிருந்து ஏழு மீனவர்களை மீட்டதற்கு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அசாதாரணத் துணிவு விருது 2016-இல் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. கடமையாக இருந்தும் அந்தச் செயல் போற்றப்பட்டது, போற்றப்பட்டதும் சரிதான். கடமையென்று எழுதப்பட்டதற்கே விருது உண்டென்றால், வழக்கத்தை மதித்துப் புயலுக்குள் திரும்பிப் போனவருக்கு அது மறுக்கப்படக் காரணமில்லை. அந்த விருதுக்குப் பெயர்களை முன்மொழியும் உரிமை உறுப்பு நாடுகளுக்கும் தகுதி பெற்ற பன்னாட்டு அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மீனவர் சங்கம் நேராக அங்கே கதவைத் தட்ட முடியாது.

படகில் நடப்பது கூட்டுச் செயல், அதில் ஒருவரை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பது இதைவிட நேர்மையான கேள்வி. கடலோரச் சமூகங்களே தனியொருவரை உயர்த்திப் பேசத் தயங்குவதுண்டு. ஆனால் கூட்டு மரியாதை கடற்பணி மரபுக்கு அந்நியமானதன்று. 1951 மே 27 அன்று முப்படைகளில் முதலாவதாகக் கடற்படைக்குக் குடியரசுத் தலைவர் கொடி வழங்கப்பட்டது. அது எந்தத் தனிமனிதருக்கும் உரியதன்று. கடலோரக் காவல்படையின் தலைமையில் இயங்கும் தேசியக் கடல் தேடல்-மீட்பு வாரியம் தரும் விருதுகளில் வணிகக் கப்பலுக்கும் மீனவர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆகவே கதவு முழுதும் அடைபட்டிருக்கவில்லை. அதைக் கரையிலுள்ளவர்கள் அறிந்திருக்கவில்லை. மீட்பு நடந்தபின் யாரிடம் எதை எழுதித் தருவது என்று சொல்லுவாருமில்லை.

பதக்கம் எதற்கு, எச்சரிக்கைக் கருவியும் மீட்புக் கப்பலும்தானே வேண்டும் என்போர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் வேண்டியவை அவைதான். ஆனால் கடலில் நடந்தது எழுத்தில் ஏறுவதன் பயன் பாராட்டோடு நிற்பதில்லை. ஒக்கிக்குப் பின் காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழாண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. அரசு அந்த நிபந்தனையைத் தளர்த்திய பிறகே குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழி பிறந்தது. யார் எந்தப் படகில் போனார், கடைசியாக எங்கே காணப்பட்டார் என்பதை அன்று திரட்டித் தந்தவர்களில் தேவாலயப் பங்குப் பேரவைகளும் ஊர்ச் சங்கங்களும் முன்னின்றன. அதே பட்டியல், அதே சாட்சியம் விருதுப் பரிந்துரைக்கும் அடிப்படையாகும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்குப் பிரிட்டன் சான்று. 1824-இல் தோன்றிய அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தில் படகேறியவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள், அவர்களில் மீனவர் பலர். குரோமர் என்ற ஊரில் நண்டு பிடித்துப் பிழைத்த ஹென்றி பிளாக் (1876-1954) அந்த நிறுவனத்தின் தங்கப் பதக்கத்தை மூன்று முறையும் வெள்ளிப் பதக்கத்தை நான்கு முறையும் பெற்றார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி 387 மீட்புகளில் 873 உயிர்களைக் காப்பாற்றியதாக அவருடைய கணக்கு சொல்கிறது. இந்த எண்கள் நமக்குக் கிடைப்பதே ஒவ்வொரு முறை படகு இறங்கும்போதும் அறிக்கை எழுதும் வழக்கம் அங்கே இருந்ததால்தான். நண்டுக்காரர் ஒருவர் தம் நாட்டின் மிகப் பெரிய கடல்வீரர்களுள் ஒருவராக எண்ணப்பட்டதற்கு அந்தக் குறிப்பேடு துணை நின்றது.

குமரிக்கு ஏற்ற வழி ஏற்கெனவே இருக்கும் சட்டகத்துக்குள்ளேயே உண்டு. உயிர்காக்கும் செயலுக்கென 1961-இல் ஏற்படுத்தப்பட்ட ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் எல்லாக் குடிமக்களுக்கும் உரியவை, மறைவுக்குப் பின்னும் தரப்படுபவை. தமிழக அரசின் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் ஆண்டுதோறும் குடியரசு நாளில் பொதுமக்களுக்கும் வழங்கப்படுகிறது. தேங்காப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன்வளத் துறை ஒரு மீட்புப் பதிவேடு வைத்து, கரை சேர்ந்தவர் வாக்குமூலத்தை அன்றே எழுதி ஸ்ராங்கின் கையெழுத்தோடு ஆட்சியருக்கு அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி சற்றுச் சிக்கலானது. ஒக்கியின்போது மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கிய 68 படகுகளில் 66 கேரளப் பதிவு கொண்டவை, இரண்டு மட்டுமே தமிழகத்தவை என்று அந்த மாநில அரசு அறிவித்தது. கேரளப் பதிவுப் படகுகளில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்தார் ஏராளம். அவர்களுள் ஒருவர் புயலில் பத்துப் பேரைக் காப்பாற்றினால் பரிந்துரைக்க வேண்டியது படகின் மாநிலமா, ஆளின் மாநிலமா என்பதை இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும். ஆளின் மாநிலம் என்று வைத்துக்கொள்வதே முறை. படகு கைமாறும், பதிவு மாறும். மீட்டவரின் ஊரும் வீடும் வள்ளவிளையிலோ இரவிபுத்தன்துறையிலோதான் இருக்கும், அவரை அறிந்த சாட்சிகளும் அங்கேதான் இருப்பார்கள்.