முத்தவல்லியின் உசிதமும் நீதிமன்றத்தின் மேற்பார்வையும்

ஆரணியில் பட்டு நெய்வோர் அறிந்த வழக்கம் ஒன்றுண்டு. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். சேலை முடிந்ததும் எடை போட்டே வாங்குவார். தறியில் கையோட்டம் நெசவாளியுடையது. அதில் எவரும் குறுக்கிடார். ஆயினும் கொடுத்த நூலுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அற்றுப்போவதில்லை.

வக்ஃபு நிருவாகமும் இத்தகையதே. ஓர் ஊரில் ஏழைத் தாயொருவர், "என் மகனுக்கு இவ்வாண்டு உதவித்தொகை ஏன் இல்லை?" என வினவியபோது, "கொடுப்பதும் மறுப்பதும் எம் உசிதம்" என்ற மறுமொழியே கிடைத்ததை நாம் அறிவோம். அந்த உசிதத்திற்கு எல்லை உண்டா?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தபோதே இதற்கு விடை பிறந்துவிட்டது. அந்நிலத்தை விற்கலாகாது, வாரிசுகளுக்குப் பங்கிடலாகாது. அதை நிருவகிப்பவர் 'மஃரூஃப்' ஆன அளவில் உண்ணலாம். பொருள் சேர்த்துக் கொள்ளலாகாது. மஃரூஃப் என்பது நல்லோர் நியாயமென ஏற்கும் அளவு. ஆகவே நிருவாகியின் மனவிருப்பம் அளவுகோலன்று.

பின்வந்த ஹனஃபீ சட்ட மேதைகள் இதனை இரு பக்கமும் பேணினர். தனிப் பொறுப்பின் அதிகாரம் பொது அதிகாரத்தினும் வலியது என்பது 1563இல் மறைந்த இப்னு நுஜைம் அவர்கள் தம் நூலில் தந்த விதிகளுள் ஒன்று. எனவே நேர்மையான முத்தவல்லி இருக்கையில் அவருடைய வேலையைக் காஜி தம் கையில் எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் மோசடி வெளிப்பட்டால் அவரைக் காஜி நீக்குவார். 'இவரை நீக்கலாகாது' என்று வக்ஃபு செய்தவரே நிபந்தனை எழுதியிருப்பினும் அது செல்லாது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் காஜிகளின் அரசுப் பதவி ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டின் சமய அறநிலையச் சட்டமோ, கடமை தவறிய நிருவாகிமீது சம்பந்தமுடையோர் எவரும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட வழிசெய்திருந்தது. 1877இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, முழு உசிதம் பெற்ற தர்மகர்த்தாக்களின் முடிவில், கெட்ட எண்ணம் இருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடாது எனத் தீர்த்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் ஒருபடி மேலே சென்றது. அதன் 49ஆம் பிரிவின்படி, உசித அதிகாரம் நியாயமாகவும் நல்லெண்ணத்துடனும் செலுத்தப்படாவிடில் நீதிமன்றம் அதனைக் கட்டுப்படுத்தலாம். நியாயம் என்ற அச்சொல்லில் நாம் மஃரூஃபின் சாயலையே காண்கிறோம்.

அச்சட்டம் வக்ஃபைத் தொடாதென அதன் முதற்பிரிவே விலக்கியது. அவ்வாறாயின் முத்தவல்லி கட்டற்றவரா? அல்லர். 1921இல், சென்னை மாகாணத்து மடமொன்றின் நிரந்தரக் குத்தகை வழக்கில், பிரிவி கவுன்சிலில் சையித் அமீர் அலி அவர்கள் தீர்ப்பு வழங்கினார். வக்ஃபுச் சொத்து இறைவனுக்குரியது. முத்தவல்லி வெறும் நிருவாகி. ஆங்கிலச் சட்டம் கூறும் டிரஸ்டி அல்லர். எனினும் நிருவாகக் கேட்டிற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அன்னார் தெளிவுறுத்தினார். பின்னர் 1954இன் வக்ஃபுச் சட்டம் வாரியங்களையும், 1995இன் சட்டம் தீர்ப்பாயங்களையும் கொணர்ந்தன.

ஆகவே நீதிமன்றம் முத்தவல்லியின் நாற்காலியில் அமர்வதில்லை. எந்த மாணவனுக்கு எவ்வளவு என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தீர்மானித்த முறை நேர்மையானதா, நியாயமானதா என்பதே கேள்வி. அந்தத் தாய் கேட்டதும் அதுவே. அவர் படியேறி வழக்காடும் நிலை வருமுன், காரணத்தை ஜமாஅத்தின் முன் எடுத்துரைப்பது முத்தவல்லிக்கு இழிவன்று. அமானிதத்தை ஏற்றவர் கணக்கிற்கும் உடன்பட்டவரே. இங்கே தப்பினும் மறுமையில் அக்கணக்கு நிலுவையிலேயே நிற்கும்.