பாட்டுப் பெட்டியின் முதுகில் ஒரு மனு

ஒரு ஆல்பம் வெளியாகிறது என்றால் நாம் பேசுவது இசையமைத்தவரைப் பற்றி, பாடியவரைப் பற்றி. மிஞ்சிப் போனால் எழுதியவரைப் பற்றி. அதன் அட்டையை யார் திட்டம் போட்டார்கள், எந்தப் பத்திரிகையில் என்ன விளம்பரம் கொடுத்தார்கள், கடையில் எந்த வரிசையில் நிற்க வைத்தார்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆனால் பாட்டைக் கேட்பதற்கு முன்னாடியே நம்ம கை தொடுகிற பொருள் அந்த அட்டைதான். கடைக்குள்ளே நிற்கிற விளம்பரமும் அதுதான்.

இப்படிப்பட்ட ஒரு அட்டைப்பெட்டி, அமெரிக்காவில் ஒரு சட்டம் வருவதற்குக் கைகொடுத்தது என்று சொன்னால் நம்புவீங்களா? பாட்டு இல்லைங்க, பாட்டை வைத்து விற்ற பெட்டி! வாங்கியவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனதும் கிழித்துக் குப்பையில் போட்ட பெட்டி. அந்தக் கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஒரு காபியோட உட்காருங்க :-)

*

முதலில் பெட்டி எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

காம்பாக்ட் டிஸ்க் என்கிற சி.டி. 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, 1983-ல் அமெரிக்காவுக்குப் போனது. வட்டு 12 சென்டிமீட்டர்தான். அதை வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவும் கைக்குள் அடங்கும். ஆனால் அமெரிக்க இசைக் கடைகளில் இருந்த மர அலமாரிகள் எல்லாம் 12 அங்குல எல்.பி. இசைத்தட்டுக்காகச் செய்தவை. அதில் இந்தக் குட்டி டப்பாவைப் போட்டால் உள்ளே விழுந்து காணாமல் போய்விடும். அலமாரியை மாற்றுங்கள் என்றால் கடைக்காரர் காசுக்கு எங்கே போவார்? இன்னொரு பயமும் இருந்தது. இவ்வளவு சின்னதாக இருந்தால் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட மாட்டார்களா?

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'லாங்பாக்ஸ்'. 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதன் ஒரு பாதியில் சி.டி. டப்பா இருக்கும், மறுபாதி காலி. இரண்டு லாங்பாக்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு எல்.பி.யின் அகலம் கச்சிதமாக வந்துவிடும். பழைய அலமாரி அப்படியே இருக்கலாம், செருகிக்கொண்டு போவதும் கஷ்டம். விளம்பரக்காரர்களுக்கு இன்னொரு லாபம், சுருங்கிப் போன அட்டைப்படத்தைக் கொஞ்சம் பெரிதாகக் காட்ட இடம் கிடைத்தது.

எல்லாம் சரி, வாங்கினவன் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி எறிவான். சி.டி. விற்பனை ஏற ஏற இந்தக் குப்பையும் ஏறியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பொதுவாக இந்தப் பெட்டி இல்லாமலேயே சி.டி. நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அப்புறம் நமக்கு மட்டும் எதுக்குய்யா இத்தனை மரத்தை வெட்டணும் என்று அமெரிக்கக் கலைஞர்களே கேட்க ஆரம்பித்தார்கள். 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவில் இருந்த டேவிட் பைர்ன் தன் ஆல்பத்தின் லாங்பாக்ஸ் மேலேயே 'இது குப்பை' என்கிற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வைத்தார். தன் சரக்கின் மேலேயே இப்படி ஒட்டுவதற்கு ஒரு தில் வேண்டும்தானே?

*

இப்போ கதையின் அடுத்த இழை. இதுவும் அட்டை சம்பந்தப்பட்டதுதான்.

1985-ல் வாஷிங்டனில் சில அரசியல் புள்ளிகளின் மனைவிமார் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் டிப்பர் கோர். அப்போது செனட்டராக இருந்த அல் கோரின் மனைவி. பாட்டுகளில் ஆபாசமும் வன்முறையும் கூடிப் போச்சு, பெற்றோருக்குத் தெரிகிற மாதிரி அட்டையில் எச்சரிக்கை போடணும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த ஆண்டு செப்டம்பரில் செனட் குழு முன்னால் விசாரணையும் நடந்தது. ஃப்ராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று பாடகர்கள் போய் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். கடைசியில் இசைக் கம்பெனிகள் தாங்களாகவே எச்சரிக்கை போட ஒத்துக்கொண்டன. 1990-ல் அது ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளை முத்திரையாக ஆனது. இன்றைக்கும் சில ஆல்பங்களின் மூலையில் பார்க்கிறோமே, அதுதான்.

அதே 1990-ல் ஃப்ளோரிடாவில் '2 லைவ் க்ரூ' என்கிற ராப் குழுவின் ஆல்பம் ஆபாசமானது என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகும் அதை விற்றதற்காக ஒரு கடைக்காரர் கைதானார். பாட்டுத் தட்டு விற்றதற்குக் கைது! இசைத் தொழிலில் இருந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அப்போ வர்ஜின் ரெக்கார்ட்ஸின் அமெரிக்கக் கம்பெனிக்குக் கூட்டுத் தலைவராக இருந்தவர் ஜெஃப் ஐரோஃப். அதற்கு முன்னால் வேறு கம்பெனிகளில் அட்டை, விளம்பரம், வீடியோ என்று பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி. அவர் யோசனை இதுதான்: நம்ம பாட்டைக் கேட்கிற இளைஞர்கள் ஓட்டுப் போடுவதில்லை, அதனால்தான் அரசியல்வாதிகளுக்கு நம்ம மேல பயம் இல்லை. அப்படி 1990-ல் பிறந்த இயக்கம்தான் 'ராக் தி வோட்'. மடோனா அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு 'ஓட்டுப் போடுங்க' என்று ஆடிய டி.வி. விளம்பரம் இவர்களுடையதுதான்.

*

இளைஞர்கள் ஏன் ஓட்டுப் போடவில்லை? சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை.

நம்ம ஊரில் வாக்காளர் பட்டியல் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் வேலை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி 'எத்தனை பேர் இருக்கீங்க' என்று கேட்பார்கள். அதிலேயே பேர் விட்டுப் போகிற கூத்தெல்லாம் உண்டு, அது தனிக் கதை. அமெரிக்காவில் தலைகீழ். வடக்கு டகோட்டா மாதிரி விதிவிலக்கை விட்டால், நீங்கள்தான் தேடிப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். எங்கே, எப்போது, எந்தப் படிவம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீடு மாறினால் மறுபடியும் பதியணும். படிப்பு, வேலை என்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிற 20 வயதுப் பையன் எத்தனை தடவை அலைவான்?

1988 அதிபர் தேர்தலில் 18 முதல் 24 வயதுக்காரர்களில் ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். இது அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்கு.

இதைச் சரி செய்ய ஒரு சட்ட முன்வரைவு இருந்தது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிற இடத்திலேயே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம், தபாலிலும் பதியலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் கார் ஓட்டாதவர் குறைவு என்பதால் யோசனை நல்ல யோசனை. செல்லமாக 'மோட்டார் வோட்டர்' என்று பேர் வைத்தார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் அது நகருவேனா என்றது.

*

இப்போ பெட்டியையும் ஓட்டையும் முடிச்சுப் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆர்.ஈ.எம். என்பது ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரத்தில் 1980-ல் தொடங்கிய நால்வர் குழு. கல்லூரி வானொலிகள் வளர்த்த பிள்ளைகள். 1988-ல் வார்னர் பிரதர்ஸ் என்கிற பெரிய கம்பெனிக்கு வந்தார்கள். அரசியல் ஆர்வம் முன்பே உண்டு. 1988 தேர்தலின்போது பாடகர் மைக்கேல் ஸ்டைப் கல்லூரிப் பத்திரிகைகளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார், டுகாகிஸுக்கு ஓட்டுப் போடுங்க என்று. டுகாகிஸ் தோற்றுப் போனார், அது வேறு விஷயம் :-)

1991 மார்ச்சில் அவர்களுடைய 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பம் வரப் போகிறது. இந்தத் தடவை ஊர் ஊராய்ப் போய்க் கச்சேரி செய்யப் போவதில்லை என்று குழு முடிவு செய்துவிட்டது. அப்படியென்றால் கடை அலமாரி, பத்திரிகை விளம்பரம், வானொலி, எம்.டி.வி. இவைதான் விற்றுக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு லாங்பாக்ஸ் வேண்டும். குழுவுக்கோ சுற்றுச்சூழல் அக்கறை, அந்தப் பெட்டியே பிடிக்காது. பெட்டி வேண்டாம் என்று அடம் பிடித்தால் பல கடைகளில் சரக்கை வைக்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது வார்னரில் இருந்த ஜெஃப் கோல்டும் ஐரோஃபும் பேசி வந்த யோசனை: பெட்டியை ஒழிக்க முடியலைன்னா, அதை வேலை வாங்குவோம். எப்படியும் கிழித்துப் போடப் போகிற அட்டைதானே? அதன் முதுகில் ஒரு மனுவை அச்சடிப்போம்.

அப்படியே செய்தார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் செனட்டர்களுக்கு ஒரு விண்ணப்பம், மோட்டார் வோட்டர் மசோதாவை ஆதரியுங்கள் என்று. கீழே பெயர், முகவரி, கையெழுத்துக்கு இடம். கத்தரித்து, தபால்தலை ஒட்டி, ராக் தி வோட் முகவரிக்கு அனுப்ப வேண்டியதுதான். கூடுதல் செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எப்படியும் அச்சாகப் போகிற அட்டை, எப்படியும் போகப் போகிற லாரி.

ஒரு விளம்பரத் திட்டமாகப் பார்த்தாலும் இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். யாரிடம் சேர வேண்டுமோ அவர்கள் கைக்கே போய்ச் சேருகிறது. வாங்குபவர் இளைஞர். பெட்டியைப் பிரிக்காமல் பாட்டுக் கேட்க முடியாது. பிரிக்கிறபோது கண்ணில் பட்டே ஆகணும்.

*

பலன்?

முதல் சில வாரங்களிலேயே பத்தாயிரம் மனுக்கள் வந்து குவிந்தன. செனட்டர்கள் 100 பேர், ஆளுக்கு நூறு என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றை வாஷிங்டனுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்னொரு பக்கம் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டு உலகம் பூராவும் ஓட, ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் போனது. ஆல்பம் ஏற ஏற மனுவும் ஏறியது.

1992-ல் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆனால் அந்த ஜூலையில் அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது பெரிய புஷ், வீட்டோ போட்டுவிட்டார். அதை முறியடிக்க செனட்டில் போதுமான ஓட்டு இல்லை. நவம்பரில் புஷ் தோற்று கிளிண்டன் வந்தார். 1993 மே 20 அன்று தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அப்போது துணை அதிபர் யார் தெரியுமோ? அல் கோர். எந்தக் குடும்பத்திலிருந்து கிளம்பிய எச்சரிக்கை முத்திரைக் கோபத்தில் ராக் தி வோட் பிறந்ததோ, அதே குடும்பத்துக்காரர். சரித்திரத்துக்குக் குசும்பு ஜாஸ்தி!

ஒரு அட்டைப்பெட்டிதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பல குடியுரிமை அமைப்புகள் வருஷக்கணக்கில் உழைத்த விஷயம் அது. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் இன்னும் இழுத்திருக்கும். ஆனால் 'இளைஞர்களுக்கு இதில் அக்கறை இல்லை' என்று செனட்டர்கள் சொல்லித் தப்பிக்க முடியாமல் போனதற்கு அந்தக் காகிதக் குவியலும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 18-24 வயதுக்காரர்களின் வாக்களிப்பு 1992-ல் நூற்றுக்கு 43 வரை ஏறியது. அப்போ சட்டம் இன்னும் வரவில்லை! சட்டம் 1995-ல் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த 1996 தேர்தலில் அது 32-க்கு இறங்கிவிட்டது. பட்டியலில் பேர் ஏறுவது வேறு, சாவடிக்குப் போவது வேறு. சட்டம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே போக ஒரு காரணத்தை வேறு யாராவதுதான் தரணும். அந்தக் காரணத்தை 1991-92-ல் பாட்டுக்காரர்கள் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதே என் எண்ணம்.

இப்போ பாட்டுக்கு உடம்பே இல்லை. கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவில் ஒரு சதுரப் படம், அவ்வளவுதான் அட்டை. குப்பை இல்லை, நல்லதுதான். ஆனால் கத்தரித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப அதற்கு முதுகும் இல்லை. பாட்டோடு சேர்ந்து ஒரு காகிதம் உங்களை ஏதாவது செய்ய வைத்ததுண்டா? இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அந்தப் பெட்டி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 1992-லேயே இசைக் கம்பெனிகள் சங்கம் லாங்பாக்ஸுக்கு நாள் குறித்துவிட்டது. 1993 ஏப்ரலோடு அதற்கு மூடுவிழா. சட்டத்தில் கையெழுத்து விழுந்தது மே மாதம். ஒரு மாதம் பொறுத்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், பாவம்.