மூளை மின்தூண்டலும் கற்றலும்

உப்புநீரில் நனைத்த இரு மின்முனைகளைத் தலையின் மேல் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்தும் முறை டி.டி.சி.எஸ். எனப்படுகிறது. அறுவையும் இல்லை, மயக்கமருந்தும் இல்லை. 'ஷாக்' சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வலிப்பை வரவழைப்பதே அதன் வழி; அதற்கு ஏறத்தாழ 800 மில்லி ஆம்பியர் தேவை. டி.டி.சி.எஸ். மின்னோட்டமோ ஒரு நரம்பணுவைத் தானாகத் துடிக்கவைக்கும் வலுவற்றது. துடிப்புக்கு அருகே அதைச் சற்று நகர்த்தும், அல்லது விலக்கும். ஆகவே இது எதையும் கற்றுத்தருவதில்லை. ஏற்கெனவே நடக்கும் கற்றலைப் பதியவைக்க உதவலாம், அவ்வளவே.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வாளர்கள் நிட்ஷேயும் பவுலஸும் 2000-இல் காட்டியது, மின்னோட்டம் நின்ற பிறகும் இயக்கப் புறணியின் கிளர்ச்சித்திறன் சில நிமிடங்கள் மாறியே இருந்தது என்பதை. நினைவுப் பதிவுக்கு வேண்டிய என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை மருந்தால் தடுத்தபோது அந்தப் பின்விளைவு மறைந்தது. 2010-இல் வெளியான ஃபிரிட்ஷ் குழுவின் ஆய்வு இன்னும் தெளிவானது. எலியின் மூளைத் துண்டில் மின்னோட்டத்தை மட்டும் செலுத்தியபோது நரம்பிணைப்புகள் வலுப்பெறவில்லை. அதே வேளையில் அவ்விணைப்புகளை இயங்கவும் வைத்தபோதுதான் வலுத்தன. மனிதரிடமும் ரைஸ் குழு (2009) ஐந்து நாள் கைப்பயிற்சியுடன் மின்தூண்டலைச் சேர்த்தபோது கிடைத்த மேம்பாடு மூன்று மாதத்துக்குப் பிறகும் நிலைத்தது.

இந்தியாவில் இத்துறை வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம். அங்கு மருத்துவர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழு, மருந்துக்கு அடங்காமல் காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு, மருந்தோடு சேர்த்து நாளுக்கு இருமுறை, ஐந்து நாள் இதை அளித்துப் பயன் கண்டது. 2018-இல் அவர் பட்நாகர் விருது பெற்றார். அதே ஆண்டு, குரல் கேட்கும் நோயாளிகளிடம் நடந்த நெதர்லாந்துச் சோதனை ஒன்றில் போலித்தூண்டலைவிடக் கூடுதல் பலன் தென்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுப்புகள் வலுவானவை. தோலும் மண்டையோடும் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் சடலங்களில் அளந்து காட்டினர் (2018). ஒற்றை அமர்வு ஆய்வுகளைத் தொகுத்த ஹோர்வத் (2015) அறிவுத்திறனில் நம்பத்தக்க விளைவு எதையும் காணவில்லை. இவற்றைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இரண்டாவது மறுப்பு முறையையே வீழ்த்திவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சியோடு பலநாள் இணைக்காத தூண்டலிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பதையே அது காட்டுகிறது. முதலாவது மறுப்புக்கு அத்தனை எளிய பதில் இல்லை. எஞ்சும் மின்புலம் மிகச் சிறியது. அதனால் மண்டையோட்டின் தடிப்பும் மின்முனையின் இடமும் ஆளுக்கு ஆள் விளைவை மாற்றக்கூடும்.

தேர்வுக்குப் படிப்போர் இந்த மின்தூண்டலைத் தரும் தலைக்கருவி வாங்கலாமா என்ற கேள்விக்கு ஆக்ஸ்போர்டில் யுகுலானோவும் கோஹென் கடோஷும் 2013-இல் வெளியிட்ட முடிவு பொருத்தமானது. பக்கவாட்டு மடலின் பின்பகுதியைத் தூண்டியவர்கள் புதிய எண்குறிகளை வேகமாகக் கற்றனர். கற்றதைத் தன்னிச்சையாகக் கையாள்வதிலோ பின்தங்கினர். முன்மடலைத் தூண்டியபோது இது தலைகீழானது.